ஒருமுறை மாறுவதும் ஓயாது மாறுவதும்: சூழலை உணரும் பாலிமர்கள் மருத்துவத்தில்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



சூழலை உணரும் பாலிமர்களைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். வெப்பம், அமிலத்தன்மை, உப்பு, சர்க்கரை, ஒளி என ஏதேனும் ஒன்று சற்றே மாறினாலும் தன் வடிவத்தையோ பருமனையோ கரைதிறனையோ பெருமளவு மாற்றிக்கொள்ளும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகள் இவை. பாடநூல்கள் இவற்றைத் தூண்டலை வைத்துப் பிரிக்கின்றன: வெப்பத்துக்கு மாறுபவை, பி.எச். அளவுக்கு மாறுபவை, ஒளிக்கு மாறுபவை என்று. வேதியியலாளருக்கு அந்தப் பிரிவு வசதியானது. மருத்துவமனை வாசலில் நின்று பார்த்தால் அதனால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

நான் வேறொரு கோடு போட விரும்புகிறேன். ஒரே ஒருமுறை மாறினால் போதும் என்கிற வேலைகள் ஒரு பக்கம். மாறி, மீண்டு, மறுபடியும் மாறி, நாள் முழுதும் ஓயாது நடக்க வேண்டிய வேலைகள் மறுபக்கம். முதல் பக்கத்தைச் சேர்ந்த பாலிமர்கள் நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்துவிட்டன. சில வந்து எழுபது ஆண்டு ஆகிறது. இரண்டாம் பக்கத்தைச் சேர்ந்தவை நாற்பது ஆண்டுக்கு மேலாக ஆய்வகத்துக்குள்ளேயே நிற்கின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

1. சிறு மாற்றம், பெரிய விளைவு

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் தொடும் பொருள் ஒன்று உண்டு. பாலி என்-ஐசோபுரோப்பைல் அக்ரைலமைடு என்பது அதன் முழுப்பெயர். ஆய்வகத்தில் சுருக்கமாக பி-நைபாம் என்போம். சர்க்கரையைக் குளிர்ந்த நீரில் போட்டால் மெல்லக் கரையும், சுடுநீரில் விரைந்து கரையும். பி-நைபாம் நேர்மாறு. குளிர்ந்த நீரில் தெளிவாகக் கரைந்து கிடக்கும். சூடேற்றிக்கொண்டே போனால் சுமார் 32 டிகிரி செல்சியஸில் கரைசல் திடீரென்று பால்போல வெளுத்துவிடும். ஆறவைத்தால் மறுபடி தெளியும். 1968இல் ஹெஸ்கின்ஸ், கில்லெட் என்ற இருவர் இந்த நடத்தையை ஆராய்ந்து வெளியிட்டார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நீரை விரும்பும் அமைடு தொகுதி ஒன்றும், நீரை விரும்பாத ஐசோபுரோப்பைல் தொகுதி ஒன்றும் அருகருகே இருக்கின்றன. குளிரில் நீர் மூலக்கூறுகள் அமைடுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்துகொள்கின்றன; நீரை விரும்பாத தொகுதியைச் சுற்றியும் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. அந்த ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு, அதைத்தான் என்ட்ரோப்பி இழப்பு என்கிறோம். வெப்பம் ஏற ஏற அந்த விலையும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் நீர் மூலக்கூறுகள் விடுபட்டு ஓடுவதே இலாபம் என்றாகிவிடுகிறது. நீர் விலகியதும் சங்கிலி தன்மேலேயே சுருண்டு உருண்டையாகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு கண்ணி மட்டும் தனியே மாறுவதில்லை என்பது. பல நூறு கண்ணிகள் சேர்ந்து ஒரே நேரத்தில் முடிவெடுப்பதால்தான் ஒன்றிரண்டு டிகிரிக்குள் எல்லாம் தலைகீழாகிறது. 32 டிகிரி என்பது மனித உடலின் 37 டிகிரிக்குச் சற்றுக் கீழே அமைந்திருப்பது, இயற்கை நமக்குத் தந்த வாய்ப்பு.

இந்தச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து வலையாக்கினால் அது நீரை உறிஞ்சி ஜெல்லாகிறது. ஜெல்லும் இப்படிச் சட்டென்று சரியும் என்பதைக் காட்டியவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்த ஜப்பானிய இயற்பியலாளர் டொயோயிச்சி டனாகா. 1978இல் வெளிவந்த அவருடைய கட்டுரையை நம் மாணவர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டும். அசிட்டோன் கலந்த நீரில் பாலி அக்ரைலமைடு ஜெல்லை இட்டு, அசிட்டோனின் அளவைச் சிறிது கூட்டியதும் ஜெல்லின் பருமன் பன்மடங்கு சரிவதை அவர் கண்டார். பழைய ஜெல்லில் சரிவு திடீரென நிகழ்ந்தது; புதிதாகச் செய்த ஜெல்லோ மெதுவாகத்தான் சுருங்கியது. காரணம் பிறகு விளங்கியது. நாள்பட்டதால் பழைய ஜெல்லில் இருந்த அமைடு தொகுதிகள் சில நீராற்பகுப்படைந்து கார்பாக்சில் தொகுதிகளாகியிருந்தன. அவை மின்னேற்றம் கொண்டவை. அந்த மின்னேற்றத்தை ஈடுகட்ட வந்த அயனிகளின் சவ்வூடு அழுத்தம்தான் மாற்றத்தைக் கூர்மையாக்கியது. ஜெல் எங்கே சரிய வேண்டும், எவ்வளவு கூர்மையாகச் சரிய வேண்டும் என்பதை வேதியியலாளர் தன் கையால் தீர்மானிக்கலாம் என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறந்தது.

2. திரும்பி வரும் வழி

மாறுவது பாதிக் கதைதான். மீள்வது மறுபாதி.

இராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் கிடைக்கிறது. அகர் கரைசலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் உறையும். உறைந்ததை மறுபடி உருக்க 40 டிகிரி போதாது. 85 டிகிரிவரை சூடேற்ற வேண்டும். போகிற வழி ஒன்று, வருகிற வழி வேறு. பாலிமர்களில் இது அடிக்கடி காணும் நடத்தை. சங்கிலிகள் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகு அவற்றுக்கிடையே புதிய பிணைப்புகள் விழுந்துவிடுகின்றன. பிரிப்பதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். ஒரேயொருமுறை உறைய வேண்டிய வேலைக்கு இது குறையே இல்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது திறந்து இறங்கும்போது அடைய வேண்டிய கதவுக்கு இது ஆபத்து.

இரண்டாவது தடை நேரம். ஜெல் விரிவதும் சுருங்குவதும் அதன் வலைக்குள் நீர் நகர்வதைப் பொறுத்தது. அதற்காகும் நேரம் ஜெல்லின் அளவின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்று டனாகாவும் ஃபில்மோரும் 1979இல் காட்டினார்கள். அளவைப் பத்தில் ஒன்றாக்கினால் நேரம் நூறில் ஒன்றாகும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜெல் துண்டு மணிக்கணக்கில் எடுத்துச் செய்வதை, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நொடிப்பொழுதில் செய்துவிடும். இன்றைக்கு எல்லோரும் நானோஜெல், நுண்ணூசி என்று சிறியதை நோக்கி ஓடுவதற்கு இந்த இருமடி விதியே முதற்காரணம்.

மீளும் தன்மையைத் தேடுவது இந்தத் துறையின் பிறப்பிலேயே இருந்த ஆசை. 1950இல் வெர்னர் கூன், அகரோன் கட்சால்ஸ்கி முதலானோர் பாலி அமில வலைகளை அமிலத்திலும் காரத்திலும் மாற்றி மாற்றி இட்டு, அவை சுருங்கி விரிவதைக் காட்டினார்கள். வேதி ஆற்றலை நேரடியாக அசைவாக மாற்றும் செயற்கைத் தசையாக அதைக் கண்டார்கள். எழுபது ஆண்டு கழித்தும் அந்தத் தசை நம்மிடம் இல்லை. ஆனால் அதே அமிலத் தொகுதி, அதே மின்னேற்ற வித்தை, மிக எளிய ஒரு வடிவத்தில் இன்று நம் ஒவ்வொருவர் வீட்டு மருந்துப் பெட்டியிலும் இருக்கிறது.

3. குடலில் கரையும் பூச்சு

வயிற்றெரிச்சலுக்குக் காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லும் பான்டோபிரசோல் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து அமிலத்தில் சிதைந்துவிடும். இரைப்பையின் பி.எச். 1 முதல் 3 வரை. அங்கே மருந்து வெளியே வந்தால் வீண். அதனால் மாத்திரையைச் சுற்றி மெல்லிய பாலிமர் பூச்சு ஒன்று போடுகிறார்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலிருந்த ரோம் நிறுவனம் 1950களில் கொண்டுவந்த யூட்ராஜிட் வகைப் பூச்சுகள் இதில் பெயர்பெற்றவை. அவற்றில் மெத்தக்ரைலிக் அமிலக் கண்ணிகள் இருக்கின்றன. அமிலச் சூழலில் அந்தக் கண்ணிகளுக்கு மின்னேற்றம் இல்லை. சங்கிலிகள் நெருங்கிக் கிடந்து நீரை உள்ளே விடுவதில்லை. இரைப்பையைக் கடந்து சிறுகுடலுக்குள் போனதும் பி.எச். 5.5ஐத் தாண்டுகிறது. கார்பாக்சில் தொகுதி தன் புரோட்டானை இழந்து எதிர்மின்னேற்றம் பெறுகிறது. ஒரே மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று தள்ள, பூச்சு கரைந்து மருந்து வெளிப்படுகிறது.

இது ஏன் வென்றது என்று யோசித்துப் பாருங்கள். இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் இடையே பி.எச். மூன்று அலகுக்கு மேல் வேறுபடுகிறது. அதாவது அமிலச்செறிவில் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. பாலிமர் கரையத் தொடங்கும் அளவு அந்த அகன்ற இடைவெளியில் எங்கே விழுந்தாலும் வேலை நடக்கும். அதோடு, கரைந்த பூச்சு திரும்பிச் சேர வேண்டிய தேவை இல்லை. மாத்திரை பின்னோக்கிப் பயணம் செய்வதும் இல்லை.

இடைவெளி குறுகினால் என்னவாகும் என்பதற்கும் இதே குடலில் சான்று உண்டு. பெருங்குடல் அழற்சிக்குத் தரும் மெசலமின் மாத்திரைகள் சிலவற்றின் பூச்சு பி.எச். 7க்கு மேல் கரையும்படி செய்யப்பட்டது. மருந்து சிறுகுடலைத் தாண்டி வெளிப்பட வேண்டும் என்பது நோக்கம். ஆனால் சிறுகுடலின் கடைப்பகுதிக்கும் பெருங்குடலுக்கும் இடையே பி.எச். வேறுபாடு சிறியது, ஆளுக்கு ஆள் மாறும், நோய் தீவிரமாக இருக்கும்போது இன்னும் மாறும். சில நோயாளிகளுக்கு மாத்திரை கரையாமலேயே வெளியேறிவிடுகிறது. பாலிமர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. உடல் கொடுத்த வேறுபாடு போதவில்லை.

இங்கே ஒரு சொல் சொல்லாமல் போக மனமில்லை. முதியவர்களுக்கு விழுங்கக் கடினமாக இருக்கிறது என்று இத்தகைய மாத்திரைகளை இடித்துப் பொடியாக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அப்படிச் செய்தால் பூச்சு உடைந்து மருந்து அமிலத்தில் வீணாகும். பொடியாக்கலாமா என்று மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதே மருந்து வேறு வடிவில் கிடைக்கலாம்.

4. கண்ணீர் உறையவைக்கும் சொட்டு மருந்து

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணில் ஒரு சொட்டு விட்டால் அதில் பெரும்பகுதி இமை கொட்டும்போதே வழிந்தோ மூக்குக் குழாய் வழியாக இறங்கியோ போய்விடும். உள்ளே புகுவது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. கண் நீரழுத்த நோய்க்குத் தரும் டிமோலாலைச் சாதாரணக் கரைசலாகத் தந்தால் நாளுக்கு இருமுறை விட வேண்டும். ஜெல்லன் என்ற பாக்டீரியப் பாலிமரைச் சேர்த்துச் செய்த கரைசல் குப்பியில் நீர்மமாக இருக்கிறது. கண்ணீரில் உள்ள சோடியம் முதலிய அயனிகள் பட்டதும் மெல்லிய ஜெல்லாகிக் கண்மேல் தங்குகிறது. நாளுக்கு ஒருமுறை போதும். வலியே தராமல் பார்வையைத் தின்னும் நோய் அது. வலி இல்லாததால் மருந்தை மறப்பவர் ஏராளம். அப்படிப்பட்ட நோயில் இரண்டு வேளை ஒரு வேளையாவது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கண் மருத்துவர்கள் அறிவார்கள். இங்கும் மாற்றம் ஒருமுறைதான். கண்ணீரில் உப்பு இல்லாத மனிதரும் இல்லை.

5. தாளாகப் பெயர்த்தெடுத்த உயிரணுக்கள்

என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இது. கொஞ்சம் நின்று சொல்ல அனுமதியுங்கள்.

உயிரணுக்களை வளர்ப்புத் தட்டில் வளர்க்கலாம். அவை தட்டின் அடியில் ஒட்டிப் பரவி, ஒன்றோடொன்று கைகோத்து ஒரு படலமாகின்றன. அதை எடுக்க டிரிப்சின் என்ற நொதியை ஊற்றுவது வழக்கம். அந்த நொதி உயிரணுக்கள் தட்டைப் பிடித்திருக்கும் புரதத்தையும் வெட்டும், ஒன்றையொன்று பிடித்திருக்கும் புரதத்தையும் வெட்டும். கைக்கு வருவது உதிரிகள்தான். உதிரிகளை ஊசியில் ஏற்றிச் செலுத்தினால் பெரும்பாலானவை தங்குவதில்லை.

டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டெருவோ ஒகானோவின் குழு 1990இல் ஒரு வழி கண்டது. தட்டின் மேற்பரப்பில் பி-நைபாமை ஒட்டவைத்தார்கள். 37 டிகிரியில் அந்தப் பாலிமர் சுருண்டு, நீரை விலக்கிக் கிடக்கும். உயிரணுக்களுக்கு அந்தப் பரப்பு பிடிக்கும், ஒட்டி வளரும். படலம் நிறைந்ததும் தட்டை 20 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள். பாலிமர் நீரை உறிஞ்சி விரியும். உயிரணுக்களுக்குப் பிடிமானம் போய்விடும். படலம் முழுதாக, ஒரு தாளைப்போல, தானாகவே கழன்று வரும். நொதி தேவையில்லை. அடியில் உயிரணுக்கள் சுரந்த பசைப்புரதங்களும் அதனோடு சேர்ந்தே வருவதால், தாளை உடலில் வைத்ததும் ஒட்டிக்கொள்ளும், தையலும் தேவையில்லை.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பூச்சு 15 முதல் 20 நானோமீட்டர் தடிமனில் இருந்தால்தான் உயிரணுக்கள் ஒட்டும். 30 நானோமீட்டரைத் தாண்டினால் 37 டிகிரியிலும் ஒட்டாது. தட்டுக்கு நெருங்கிய சங்கிலிகளின் அசைவைத் தட்டே கட்டுப்படுத்துகிறது. தள்ளியிருக்கும் சங்கிலிகள் நீரோடு கூடுதலாகக் குலவுகின்றன. பாலிமரின் பெயரைத் தெரிந்துகொள்வது எளிது. பத்து நானோமீட்டர் கூடினால் கெட்டுவிடும் என்பதைத் தெரிந்துகொள்ளப் பல ஆண்டு உழைப்பு வேண்டும். இத்தகைய உழைப்புக்குத் தலைப்புச் செய்தியில் இடம் கிடைப்பதில்லை.

2004இல் ஒசாகாவில் கோஜி நிஷிதாவின் குழு இதை மனிதர்களிடம் பயன்படுத்தியது. இரு கண்களிலும் கருவிழியின் குருத்தணுக்கள் அழிந்துபோன நான்கு நோயாளிகள். சொந்தக் கண்ணிலிருந்து எடுக்க ஏதும் மிஞ்சவில்லை. அவர்களுடைய வாயின் உட்புறத் தோலில் சிறு துண்டு எடுத்து, இந்தத் தட்டில் தாளாக வளர்த்து, கருவிழிமேல் வைத்தார்கள். நால்வருக்கும் பார்வை மேம்பட்டது. இந்த வழியில் உருவான சிகிச்சைப் பொருளுக்கு 2021இல் ஜப்பானில் ஒப்புதல் கிடைத்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஜப்பானில் உருவான மெபியால் என்ற ஜெல்லுக்குள் கருவிழி விளிம்பின் குருத்தணுக்களை வளர்த்து 2006இல் வெளியிட்டார்கள். பி-நைபாமோடு பாலி எத்திலின் கிளைக்காலைச் சேர்த்துச் செய்த ஜெல் அது. குளிரில் நீர்மம், வெப்பத்தில் ஜெல். வளர்ந்த அணுக்களைக் குளிர்வித்து எடுத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்துக் கருவிழி வெந்துபோகும் குழந்தைகள் இந்த நாட்டில் இன்றும் மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவர்களுக்காகச் செய்யப்படும் எந்த ஆய்வையும் நான் சிறியதாக எண்ணமாட்டேன்.

இந்தப் பெரும் வெற்றியில் பாலிமர் உடலுக்குள் போகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பி-நைபாம் உடலில் சிதையாது. அதை உருவாக்கும் மூலப்பொருள் நச்சுத்தன்மை உடையது. அதனால் அது தட்டிலேயே தங்கிவிடுகிறது. தாள் மட்டும் நோயாளியிடம் போகிறது. மாற்றமும் ஒருமுறைதான்: சூட்டிலிருந்து குளிருக்கு.

பாலிமர் வெல்வதாலேயே சிகிச்சை வென்றுவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடைத்தசை அணுக்களைத் தாளாக வளர்த்து, செயலிழக்கும் இதயத்தின்மேல் வைக்கும் ஹார்ட்ஷீட் என்ற பொருளுக்கு 2015இல் ஜப்பான் நிபந்தனையுடன் ஒப்புதல் தந்தது. பயன் உண்டென்று பின்னர் நிறுவ வேண்டும் என்பது நிபந்தனை. 2024இல் அந்தச் சான்று போதாது என்று அரசின் வல்லுநர் குழு முடிவு செய்தது. தாள் கழன்று வந்ததில் குறை இல்லை. அது இதயத்துக்குப் போதிய நன்மை செய்தது என்று காட்ட முடியவில்லை.

6. சர்க்கரை என்னும் கடினத் தேர்வு

இப்போது கோட்டின் மறுபக்கம் வருகிறேன்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடுதழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பது அதன் மதிப்பீடு. அவர்களில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கு. அதிகமானால் மயக்கம், குறைந்தால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் மெல்லக் கெடும். சர்க்கரை ஏறினால் தானாக இன்சுலினை விட்டு, இறங்கினால் தானாக நிறுத்தும் பொருள் ஒன்று இருந்தால் என்ற கனவு இயல்பானது. 1979இல் பிரவுன்லீ, செராமி இருவரும் இந்தக் கனவுக்கு முதல் வடிவம் கொடுத்தார்கள். சர்க்கரையைப் பிடிக்கும் தாவரப் புரதம் ஒன்றில், சர்க்கரை ஒட்டிய இன்சுலினைக் கட்டிவைத்தார்கள். இரத்தச் சர்க்கரை ஏறினால் அது இன்சுலினை இடம்பெயர்த்து விடுவிக்கும்.

அதன்பின் இரண்டு வழிகள் வளர்ந்தன. ஒன்று குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியை ஜெல்லில் பொதிவது. நொதி குளுக்கோஸைக் குளுக்கோனிக் அமிலமாக்கும், பி.எச். இறங்கும், அதற்கேற்ப ஜெல் விரிந்து இன்சுலினை விடும். அழகான திட்டம். ஆனால் அந்த நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும்; தோலுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு. வேலை நடக்கையில் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது; அது நொதியையே கெடுக்கும். இரத்தமோ பி.எச். மாற்றத்தை உடனே சமன்செய்துவிடும்.

மற்றொரு வழி ஃபினைல் போரானிக் அமிலம். புரதம் இல்லாத, முழுதும் செயற்கையான வழி என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். குளுக்கோஸின் இரட்டை ஹைட்ராக்சில் தொகுதிகளை அது பிடித்துக்கொள்ளும், பிடித்ததும் மின்னேற்றம் கூடும், ஜெல் விரியும். கசுநோரி கதவோக்காவின் குழு 1998இல் இதை பி-நைபாம் வகை ஜெல்லோடு இணைத்துக் காட்டியது. சிக்கல் என்னவென்றால், எளிய போரானிக் அமிலம் இரத்தத்தின் 7.4 பி.எச். அளவில் சரியாகப் பிடிப்பதில்லை. இன்னும் காரமான சூழலைக் கேட்கிறது. அதைத் திருத்த மூலக்கூறில் வேறு தொகுதிகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸை அது குளுக்கோஸைவிட இறுக்கமாகப் பிடிக்கும் என்பது மற்றொரு தொல்லை.

இரண்டு வழிக்கும் பொதுவான தடை நான் முன்பே சொன்னதுதான். மாத்திரைப் பூச்சுக்கு உடல் ஆயிரம் மடங்கு வேறுபாட்டைத் தருகிறது. இங்கே டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து; 180ஐத் தாண்டினால் தீங்கு. மூன்று மடங்குக்கும் குறைந்த இடைவெளி. அதற்குள் திறக்கவும் வேண்டும், அடைக்கவும் வேண்டும், விரைவாகவும் செய்ய வேண்டும். அகரைப்போல வருகிற வழி பிந்தினால், சர்க்கரை இறங்கிய பிறகும் இன்சுலின் கசிந்துகொண்டிருக்கும். அது நள்ளிரவில், நோயாளி தூங்கும்போது நடக்கக்கூடியது. மாத்திரைப் பூச்சு தவறினால் ஒரு வேளை மருந்து வீணாகும். இது தவறினால் உயிர் போகும். ஒரே துறையைச் சேர்ந்த இரண்டு பொருள்களை ஒரே அளவுகோலால் அளக்க முடியாததற்குக் காரணம் இது.

ஆனாலும் முன்னேற்றம் நடந்திருக்கிறது. ஷென் கூவின் குழு 2015இல் சுண்டெலிகளில் நுண்ணூசிப் பட்டை ஒன்றைச் சோதித்தது. 2020இல் போரானிக் அமிலம் கொண்ட பாலிமர் நுண்ணூசிகளை 25 கிலோவுக்கு மேல் எடையுள்ள சிறுபன்றிகளுக்கு ஒட்டி, ஒரே பட்டையால் 20 மணி நேரத்துக்கு மேல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்ததாக வெளியிட்டது. இருமடி விதியை நினைவில் வைத்துப் பாருங்கள்: ஊசி எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவாக ஜெல் பதில் சொல்லும்.

இதற்கிடையில் மின்னணுவியல் முந்திவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோலில் பொருத்திய உணர்கருவி சர்க்கரையை அளக்க, கணக்கீட்டின்படி பம்ப் இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் கருவிக்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது நன்றாக வேலை செய்கிறது. விலையோ நம் நாட்டில் மிகப் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. மின்கலமும் உணர்கருவியும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பட்டை அந்த வேலையில் பாதியைச் செய்தாலும், கூலிக்குப் போய்வரும் ஒரு தாயின் குழந்தைக்கு அது எட்டும். அதனால்தான் நாற்பது ஆண்டுத் தாமதத்துக்குப் பிறகும் இந்தத் திசையில் உழைக்க வேண்டும் என்கிறேன்.

7. நம் ஊர் வெப்பத்தில் ஒரு கணக்கு

முடிப்பதற்கு முன் மாணவர்களிடம் ஒரு குறிப்பிட்ட சிக்கலை ஒப்படைக்க விரும்புகிறேன்.

ஊசியால் செலுத்தியதும் உடல் வெப்பத்தில் ஜெல்லாகும் கரைசல்களைப் பற்றி ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன. போலோக்சமர் 407 இவற்றில் புகழ்பெற்றது. நூற்றுக்கு 20 பங்கு செறிவில் குளிர்பெட்டியில் நீர்மமாக இருக்கும், வெளியே எடுத்தால் சாதாரண அறையிலேயே உறையத் தொடங்கும். அந்தக் கட்டுரைகளில் ‘அறை வெப்பநிலை’ என்று 20, 25 டிகிரியைக் குறிப்பிடுவார்கள். வேலூரில் மே மாதம் மருந்துக்கடை அலமாரியில் அந்த எண் எங்கே இருக்கிறது? அங்கே 40 டிகிரி. உடலின் வெப்பமே 37 டிகிரிதான். கண்ணின் மேற்பரப்போ இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறைவு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். குப்பியில் உறையாமலிருக்க, மாறும் வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். உடலில் உறைய அது 37 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காது. நீரை விரும்பும் கண்ணிகளைச் சேர்த்து மாறும் வெப்பநிலையை உயர்த்தலாம், உப்பைச் சேர்த்துத் தாழ்த்தலாம் என்று நாம் வகுப்பில் கற்றுத்தருகிறோம். எவ்வளவு திருத்தினாலும் இந்த முரண்பாடு தீராது. வெப்பத்தை மட்டும் நம்பிச் செய்யும் சேமிப்புக் கரைசல், குளிர்பெட்டி இல்லாத கிராமத்துத் துணைச் சுகாதார நிலையத்தில் வாழாது. உயிரணுத் தாளை எடுக்கத் தட்டைக் குளிர்விப்பதற்கும் நம் ஆய்வகத்தில் தனிக் குளிர்மேடை வேண்டும். திறந்து வைத்தால் குளிரும் நாடு வேறு.

அப்படியானால் ஜெல்லன் காட்டிய வழி நமக்கு அதிகம் பொருந்தும். கண்ணீரின் உப்பு கடை அலமாரியில் இல்லை, கண்ணில் மட்டும்தான் உண்டு. குடலின் பி.எச். குப்பியில் இல்லை. புண்ணில் பெருகும் நொதிகள் மருந்துப் பெட்டியில் இல்லை. இவற்றை உணர்ந்து மாறும் பாலிமரை வெயில் ஏமாற்ற முடியாது. அகரும் நம் கடலோரத்துப் பாசிகள் தரும் மற்றப் பொருள்களும் உடலின் அயனிகளோடு எப்படி நடந்துகொள்கின்றன என்பதை, 40 டிகிரியில் ஆறு மாதம் வைத்திருந்த பிறகு அளந்து பார்க்கும் முதுகலைத் திட்டம் ஒன்றை இந்தத் துறையிலேயே அடுத்த பருவத்தில் தொடங்கலாம். அதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு வெப்பப் பெட்டி, ஒரு பாகுநிலைமானி, செயற்கைக் கண்ணீர்க் கரைசல், ஒரு பி.எச். மானி போதும். விருப்பமுள்ள மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எந்தப் பாசியில் தொடங்கலாம் என்று உட்கார்ந்து பேசுவோம்.